எட்டாவது கையெழுத்துத் தாள்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி மூன்றும் இதன் முதல் தாளில் எழுதியுள்ளபடி. வயது ஐம்பத்து நான்கு. மன்றச் செயலகத்தின் பதிவறையில் இருபத்தாறு வருடங்களாக எழுத்தராக வேலை செய்கிறேன். இந்த மாதம் ஒன்பதாம் தேதி இதே காவல் நிலையத்தில், இதே மேசைக்கு முன்னால், சாட்சியாக ஒரு வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அதில் இரண்டு இடங்களில் நான் சொன்னது பொய். அதைத் திருத்துவதற்காக இன்று, இருபத்தொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்தேன். ஆய்வாளர் அம்மா என்னை உட்காரச் சொல்லி, "இப்ப நீங்க சொல்றது உங்களுக்கு எதிராவே திரும்பலாம், தெரியும்ல?" என்று கேட்டார். தெரியும் என்றேன். நான் சொல்வதைச் சுருக்காமல் எழுதும்படி எழுதுகிற காவலரைக் கேட்டுக்கொண்டேன். அவர் ஆய்வாளர் அம்மாவைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. மூன்று வருடங்களாக எங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் திங்கள், புதன், வெள்ளி காலை எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி வரை அவளுக்கு இரத்தம் சுத்திகரித்து வந்தார்கள். அங்கே எட்டு இயந்திரம், எட்டு நாற்காலி. அவளுடையது ஜன்னலுக்குப் பக்கத்தில் மூன்றாவது. அந்த நான்கு மணி நேரமும் ஒரு கையை அசைக்க முடியாது என்பதால் இன்னொரு கையால் செய்தித்தாளை மடித்து மடித்து ஒரு வரி விடாமல் படிப்பாள். அரசியலில் நான் வேலை பார்க்கிறேன், அரசியல் அவளுக்குத்தான் தெரியும். தேர்தல் சமயத்தில் ஒரு வேட்பாளர் அந்தப் பிரிவுக்கு வந்து ஒரு மணி நேரம் முக்காலியில் உட்கார்ந்து, இயந்திர ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று அவளிடம் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார் என்று ஒருநாள் சொன்னாள். யார், என்ன சின்னம் என்று கேட்டேன். "சின்னமெல்லாம் கேக்கலைங்க. தனி ஆளு போல. ஆனா காது குடுத்துக் கேட்டாரு" என்றாள். "எழுதிட்டுப் போறவங்க ஆயிரம் பேரு, போடி" என்று சொன்னேன். அதோடு அதை மறந்துவிட்டேன்.

அதன் பிறகு தேர்தல் முடிந்தது. மன்றத்தில் நூற்றொரு உறுப்பினர்கள். ஆட்சி அமைக்க ஐம்பத்தொருவர் வேண்டும். பதினொரு கட்சிகள் வந்திருந்தன. எந்தக் கட்சிக்கும் இருபத்திரண்டுக்கு மேல் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இதில் நான்கு கட்சிகள் ஒரே கட்சி. முதலில் மாமனாரும் மருமகனும் பிரிந்தார்கள், பிறகு மருமகனிடமிருந்து அவர் தம்பி பிரிந்தார், தம்பியிடமிருந்து அவருக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தவர் பிரிந்தார். நான்கு பேரும் மேடையில் அதே பேச்சைத்தான் பேசினார்கள். "வீடு ஒண்ணுதான், ஆளுக்கொரு வாசல் வெச்சுட்டாங்க. இனி யாரு வீட்டுக்குள்ள யாரு போறது?" என்று என் மனைவி சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போது சிரிக்க முடிந்தது.

பதினொன்றில் எட்டுக் கட்சிகள் சேர்ந்து ஆட்சி அமைப்பதாகப் பேச்சு தொடங்கியது. எட்டையும் கூட்டினால் சரியாக ஐம்பத்தொன்று. எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் நீளமான நடைகூடம் ஒன்று உண்டு, இரண்டு பக்கமும் அறைகள். தலைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டேன் என்றதால் கட்சிக்கு ஓர் அறை கொடுத்தார்கள். எட்டாவது கட்சிக்கு ஒரே ஓர் உறுப்பினர், அவரேதான் தலைவரும். அவருக்கு மட்டும் அறை மிச்சமில்லாமல், உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த சாமான் அறையை ஒதுக்கினார்கள். அவர் அதை எதிர்க்கவில்லை. தானே பெருக்கி, கால் நன்றாக இருந்த ஒரு நாற்காலியைப் பொறுக்கிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் முன்பு பேருந்து நடத்துநராக இருந்தவர், வயது அறுபதுக்கு மேல் இருக்கும். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். நடைகூடத்தில் எல்லோரும் அவரை ஒண்டிக்கட்டை என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன், முகத்துக்கு நேரே மட்டும் ஐயா.

பேச்சை நடத்தியவர் எங்கள் செயலாளர். உடன்படிக்கையை மூன்றாவது மாடியில் அவருடைய சொந்தத் தட்டச்சர் அடிப்பார். கீழே கையெழுத்து வாங்குவது, தாள்களைப் பாதுகாப்பது, தைப்பது என் வேலை. முதல் வரைவு தயாரானதும் யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று சண்டை வந்தது. என் பெயருக்கு மேலே அவன் பெயரா என்றார் ஒருவர். இவர் போட்ட பேனாவில் நான் போட மாட்டேன் என்றார் இன்னொருவர். மூன்று நாள் இதிலேயே போயிற்று. அப்போது நான்தான் செயலாளரிடம் ஒரு யோசனை சொன்னேன். ஆளுக்கொரு தனித் தாள். அதில் "இத்துடன் இணைந்த உடன்படிக்கையை ஏற்கிறேன்" என்ற ஒரு வரி, கீழே ஒரு கையெழுத்து, வேறொன்றும் இல்லை. பக்க எண்கூட இல்லை, ஏனென்றால் எது முதல் பக்கம் என்று அதற்கும் சண்டை வரும். செயலாளர் என் தோளில் தட்டி, "அடேயப்பா, இத்தனை நாள் உன்னை எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தாங்க?" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையையும் இதில் எழுத வேண்டும்.

அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. எட்டுத் தாளும் பதிவறையின் இரும்பு அலமாரியில் இருக்கும், சாவி என் சட்டைப் பையில் இருக்கும். மேலே உடன்படிக்கை மாறிக்கொண்டே இருந்தது, தாள் மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு புது வரைவும் எட்டு அறைக்கும் காலையில் போகும். பிடிக்காதவர் மதியம் பன்னிரண்டு மணிக்குள் வந்து தன் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம். வாங்காதவர் சம்மதித்ததாக அர்த்தம். ஐந்து மாதத்தில் பதின்மூன்று வரைவுகள். ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு தாளை எடுத்துப் போவார், செயலாளர் பின்னாலேயே ஓடுவார். மருமகன் கட்சி தாளை எடுத்துப் போன ஒருநாள், அவர்கள் கேட்டதை ஒரு மணி நேரத்தில் சேர்த்து, தேநீர் ஆறுவதற்குள் தாளைத் திரும்ப வாங்கி வந்தார். ஐம்பத்தொன்றில் ஒன்று குறைந்தாலும் ஆட்சி இல்லை என்பதால் யார் எதைக் கேட்டாலும் சேர்த்தார்கள். எனக்கு இரண்டு விதி. உடன்படிக்கையைப் படிக்கக் கூடாது. செயலாளர் பெயருக்கு வரும் உறையைப் பிரிக்கக் கூடாது. இரண்டையும் நான் ஒரு தடவைகூட மீறியதில்லை. என்னை அந்த அலமாரிக்கு வைத்ததே அதனால்தான்.

போன மாதம் பதினேழாம் தேதி புதன்கிழமை, மனைவியைக் கூட்டிவர மருத்துவமனைக்குப் போனேன். அந்தப் பிரிவின் செவிலியர் என்னை வெளியே அழைத்து, இயந்திரங்களைப் பராமரித்து வடிகட்டி வழங்கும் ஒப்பந்தம் முப்பதாம் தேதியோடு முடிகிறது, புதுப்பிக்காவிட்டால் பிரிவை மூடிவிடுவார்கள் என்றார். புதுப்பிக்க அமைச்சர் கையெழுத்து வேண்டும். இருப்பதோ காபந்து அரசு, அதற்குப் புது ஒப்பந்தம் போட அதிகாரம் இல்லை. "உங்க ஆபீஸ்லதானே சார் பேசிட்டிருக்காங்க? சீக்கிரம் ஏதாவது ஒரு அரசாங்கத்தைக் கொண்டு வரச் சொல்லுங்களேன்" என்றார். ஏதோ கடையில் வாங்கிவரச் சொல்வதுபோல் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. வெளியே வந்ததும் மனைவி, "என்ன, மூடப்போறாங்களாமா?" என்றாள். அவள் செய்தித்தாளில் ஏற்கனவே படித்திருந்தாள். நான் அவள் பையை வாங்கிக்கொண்டு நடந்தேன். "விடுங்க, பதிமூணு நாள் இருக்கு. இந்த ஊர்ல பதிமூணு நாள்ல பதிமூணு கட்சி ஆரம்பிச்சிடுவாங்க" என்றாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை காலை பதினான்காவது வரைவு அறைகளுக்குப் போயிற்று. இதுதான் கடைசி, இன்றைக்கு முடியாவிட்டால் மறுதேர்தல் என்று அரசுத் தலைவர் சொல்லிவிட்டதாகச் செயலாளர் எல்லா அறையிலும் சொல்லிக்கொண்டு போனார். பத்து மணி, பத்தரை, பதினொன்று, ஒருவரும் தாளைக் கேட்டு வரவில்லை. ஐந்து மாதத்தில் அப்படி நடந்ததே இல்லை. நான் மேசையில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றே காலுக்கு ஒண்டிக்கட்டை வந்தார். "தம்பி, என் தாளைக் குடுத்துடுங்க" என்றார். நான் எழுந்து நின்றேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது, அது நெஞ்சில் படுவது எனக்குத் தெரிந்தது. "சாவி செயலாளர் சார்கிட்ட இருக்குங்க ஐயா. சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்க" என்று சொன்னேன். இது பொய். வேலைக்குச் சேர்ந்த பிறகு அலுவலகத்தில் நான் சொன்ன முதல் பொய் இது.

அவர் சந்தேகப்படவில்லை. அப்படியானால் இதைச் செயலாளரிடம் பன்னிரண்டு மணிக்குள் கொடுத்துவிடுங்கள் என்று ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தார். உள்ளே காரணம் எழுதியிருப்பதாகவும், நகல் எடுக்க நேரமில்லை என்றும் சொன்னார். என்ன காரணம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். எனக்கு அப்போது அவர் மேல் கடும் கோபம். ஐம்பது பேர் ஒத்துக்கொண்ட பிறகு இந்த ஒற்றை மனுஷனுக்கு என்ன வீம்பு, எந்தப் பதவி குறைந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் பதிவறைக்கு வெளியே பெஞ்சில் பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "கவரைக் குடுத்துட்டீங்கல்ல தம்பி?" என்றார். நான் தலையசைத்தேன். தலையசைத்ததை வாக்குமூலத்தில் பொய் என்றே எழுதிக்கொள்ளும்படி சொன்னேன். உறை அப்போது என் மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தது. அவர் ஊருக்குப் போகும் பேருந்துக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார். பன்னிரண்டு ஐந்துக்குச் செயலாளர் ஓடிவந்து, "எட்டும் இருக்கா?" என்றார். "இருக்கு சார்" என்றேன். அது மட்டும் பொய் இல்லை. அலமாரியைத் திறந்து எட்டுத் தாளையும் உடன்படிக்கையோடு வைத்து நானே தைத்தேன். ஊசி இரண்டு தடவை விரலில் குத்தியது.

பத்தொன்பதாம் தேதி காலை ஒன்பது மணிக்கு ஒண்டிக்கட்டை செயலாளரோடு பதிவறைக்கு வந்தார். தன் தாளும் சேர்ந்து போயிருப்பதைப் பேருந்தில் வானொலியில் கேட்டதாகவும், முதல் வண்டியைப் பிடித்துத் திரும்பி வந்ததாகவும் சொன்னார். செயலாளர் என்னைப் பார்த்து, "இவர் தாளைக் கேட்டாராய்யா? கவர் ஏதாவது குடுத்தாரா?" என்றார். அன்று பகல் பதவியேற்பு. கீழே தோட்டத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. "இல்ல சார், அப்படி எதுவும் வரல" என்றேன். ஒண்டிக்கட்டை என்னைத் திட்டவில்லை. என் முகத்தைப் பார்த்து, "தம்பிக்கு என்ன கஷ்டமோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். அதைச் சொல்லாமல் அவர் என்னை ஓர் அறை அறைந்திருக்கலாம்.

அதன் பிறகு ஆட்சி பன்னிரண்டு நாள் இருந்தது. எட்டுக் கட்சிக்கும் பங்கு கொடுக்க வேண்டியிருந்ததால் ஒவ்வொரு துறையையும் உடைத்தார்கள். சுகாதாரத்தை மருமகன் கட்சியும் தம்பி கட்சியும் கேட்டன. கடைசியில் மருத்துவமனைக் கட்டடமும் படுக்கைகளும் ஒருவருக்கு, மருந்தும் இயந்திரங்களும் இன்னொருவருக்கு என்று பிரித்தார்கள். டயாலிசிஸ் ஒப்பந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று நான் தினமும் மதிய இடைவேளையில் போய் விசாரித்தேன். இயந்திர அமைச்சர் அலுவலகத்தில், இயந்திரம் கட்டடத்துக்குள் இருப்பதால் கட்டட அமைச்சரிடம் முதலில் கையெழுத்தாக வேண்டும் என்றார்கள். கட்டட அமைச்சர் அலுவலகத்தில், இது இயந்திரம், எங்களுக்கு என்ன சம்பந்தம் என்றார்கள். இருபத்தேழாம் தேதி இரண்டு அமைச்சர்களும் ஒரே அறைக்காகச் சண்டை போட்டு, அறையைப் பூட்டி ஆளுக்கொரு பூட்டுப் போட்டார்கள். கோப்பு உள்ளே மாட்டிக்கொண்டது. அந்தப் பூட்டுகளை நான் என் கையால் தொட்டுப் பார்த்தேன். என்னைப் பார்த்துக் காவலாளி, "சாருக்கு உள்ள என்ன வேணும்?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முப்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை மன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு. ஒண்டிக்கட்டை எழுந்து, "இந்த உடன்படிக்கைக்கு நான் கையெழுத்துப் போடல. என் தாளை எடுத்து இதுல தெச்சுட்டாங்க" என்று சொல்லி எதிர்த்து வாக்களித்தார். ஐம்பதுக்கு ஐம்பத்தொன்று. ஆட்சி கவிழ்ந்தது. மறுபடி காபந்து அரசு. அன்று சாயங்காலமே ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் வந்து வடிகட்டிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒன்றாம் தேதி நானும் மனைவியும் போய்ப் பார்த்தபோது எட்டு இயந்திரத்தையும் துணி போட்டு மூடியிருந்தார்கள். அவளுடைய செய்தித்தாள் ஒன்று மூன்றாவது நாற்காலியில் மடித்தபடியே இருந்தது. அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். இப்போது அவளுக்குப் பக்கத்து மாவட்ட மருத்துவமனையில் இடம் கொடுத்திருக்கிறார்கள். பேருந்தில் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். அங்கே கூட்டம் அதிகம் என்பதால் வாரம் மூன்று நாள் இரண்டாகிவிட்டது, செவ்வாயும் சனியும். கால் வீங்கியிருக்கிறது. படுத்தால் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று பாட்டிலில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டைக் கீழே இறக்கியிருக்கிறார்கள்.

ஊரில் எல்லோரும் ஒண்டிக்கட்டையைத் தூற்றினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு எவனிடமோ விலை போய்விட்டான், ஆட்சியைக் கவிழ்த்து மருத்துவமனையை மூடவைத்தான் என்று பேசினார்கள். அவர் வீட்டு ஜன்னல்களைக் கல்லால் அடித்தார்கள். அவர் வழக்கமாகப் போகும் தேநீர்க் கடையில் அவருக்குத் தேநீர் இல்லை என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மன்றத்தில் பொய் சொல்லி ஏமாற்றியதாக அவர் மேல் செயலாளர் புகார் கொடுத்தார், அதில் என்னைச் சாட்சியாகப் போட்டார். ஒன்பதாம் தேதி இங்கே வந்து, அவர் தாளைக் கேட்கவும் இல்லை, உறை கொடுக்கவும் இல்லை என்று வாக்குமூலம் கொடுத்தேன். மேலே சொன்ன இரண்டு பொய் இவைதான். வேலையில் இருந்து விலக்கிவிட்டால் மனைவியை யார் பார்ப்பது என்று நினைத்தேன். உறையை அதற்குள் இழுப்பறையில் இருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், மனைவியின் எக்ஸ்ரே படங்கள் இருக்கும் பெரிய உறைக்குள் சொருகி வைத்திருந்தேன். கிழித்துப் போட மனம் வரவில்லை. பிரிக்கவும் இல்லை. பிரிக்கக் கூடாது என்று விதி. கேட்கவே கேவலமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை காலை, புது மருத்துவமனையில் கேட்ட பழைய எக்ஸ்ரேயைத் தேடும்போது உறை அவள் கையில் சிக்கியது. நான் சமையலறையில் இருந்தேன். அவளுக்கு எங்கள் அலுவலக விதி எதுவும் கிடையாது, பிரித்துவிட்டாள். "என்னங்க, இங்க வாங்க" என்றாள். பிறகு எனக்குப் படித்துக் காட்டினாள். அதை இங்கே ஒப்படைத்திருக்கிறேன். அதில் உள்ள வாசகம் இது: "பதினான்காவது வரைவில் முப்பத்தொன்றாவது அம்சம் காணப்படவில்லை. அரசு மருத்துவமனை டயாலிசிஸ் ஒப்பந்தத்தை முதல் அமைச்சரவைக் கூட்டத்திலேயே புதுப்பிக்க வேண்டும் என்ற அம்சம் அது. முதல் வரைவில் இருந்து அது இருந்தது. சுகாதாரத் துறையைப் பிரிப்பதில் தகராறு என்பதால் எடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அந்தப் பிரிவில் மூன்றாவது நாற்காலியில் உட்காரும் அம்மாவுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். மறுபடி சேர்த்தால் அடுத்த நிமிடமே தாளைத் தருகிறேன். அதுவரை என் தாளை எடுத்துக்கொள்கிறேன்."

செயலாளரிடம் அந்த உறை போயிருந்தால் சேர்த்திருப்பார்கள். மருமகன் கட்சிக்கு ஒரு மணி நேரத்தில் சேர்த்தவர்கள், ஐம்பத்தொன்றாவது ஆளுக்கு அரை மணியில் சேர்த்திருப்பார்கள். அரசும் வந்திருக்கும், முதல் கூட்டத்தில் கையெழுத்தும் ஆகியிருக்கும். அந்த நடைகூடத்தில் அவளுக்காகப் பேசிய ஒரே ஆளை, அவளுக்காக என்று நினைத்துக்கொண்டு நான் வாயடைத்தேன். மனைவி காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். "மூணாவது நாற்காலி நான்தாங்க" என்றாள். "தெரியும்" என்றேன். "இந்தக் கவர் எப்படி நம்ம வீட்டுக்கு வந்துச்சு?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. "அய்யோ, அந்த மனுஷனைக் கல்லால அடிச்சாங்களே" என்றாள். தன் பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டுக் குடிக்காமல் வைத்தாள். பிறகு, "எனக்காகச் செஞ்சேன்னு மட்டும் அங்க சொல்லாதீங்க. நான் கேக்கல" என்றாள். அவள் கேட்கவில்லை என்பதைத் தெளிவாகப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். அவளுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இன்று செவ்வாய்க்கிழமை, அவளுடைய நாள். நானும் கூட வருகிறேன், நாளைக்கு நிலையத்துக்குப் போகிறேன் என்று சொன்னேன். "நாளைக்குன்னா நாளைக்கு மறுநாள்னு ஆகும். உங்க ஆபீஸ்ல அஞ்சு மாசம் அப்படித்தானே போச்சு? நீங்க ஸ்டேஷனுக்குப் போங்க, நான் பஸ்ல தனியாப் போயிக்கிறேன்" என்றாள். காலை ஐந்தரை மணிக்கு நான்தான் ஏற்றிவிட்டேன். நடத்துநரிடம் முன் இருக்கை கேட்டு வாங்கிக் கொடுத்தேன். மூன்று வருடத்தில் அவள் தனியாகப் போவது இதுதான் முதல் தடவை. எனக்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். சாமான் அறையில் உட்கார்ந்திருந்த அந்த உறுப்பினர் சொன்னது முழுதும் உண்மை என்று, அவரைத் தூற்றிய அதே ஊருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும். என்னை இன்று இங்கே வைத்துக்கொள்வதாக இருந்தால், மாலை ஆறு மணிக்கு வரும் பேருந்துக்கு யாராவது ஒருவர் போக வேண்டும். இயந்திரத்தில் இருந்து வந்த நாளில் அவளுக்குத் தலை சுற்றும், படியில் கையைப் பிடித்து இறக்க வேண்டும். நீல நிறப் பை வைத்திருப்பாள், உள்ளே செய்தித்தாள் இருக்கும். ஆய்வாளர் அம்மா நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

நான் சொன்னது எல்லாம் மேலே எழுதியபடி எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, பிறகு நானும் ஒருமுறை வரி வரியாகப் படித்துப் பார்த்தேன். உண்மை தவிர இதில் வேறு எதுவும் இல்லை. எட்டுத் தாள்களுக்கும் என் முன்னால் எண் போட்டு, ஒப்படைத்த உறையோடு சேர்த்துத் தைத்த பிறகே ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்திட்டேன். கையெழுத்து மட்டும் உள்ள தாள் இதில் ஒன்றுகூட இல்லை.

(ஒப்பம்)